வால்புர்கிஸ் இரவும் ஈஸ்டர் முயலும் உண்மையில் எவ்வளவு பழையவை?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: ஏப்ரல் கடைசியில் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப் பக்கம் போயிருக்கிறீர்கள், வால்புர்கிஸ் இரவன்று தாலே ஊரில் சூனியக்காரி வேடம் போட்டவர்கள் தீ மூட்டி ஆடியதைப் பார்த்திருக்கிறீர்கள். கூட வந்த வழிகாட்டி, இது மட்டுமில்லை, பிள்ளைகளுக்கு முட்டை கொண்டுவரும் ஈஸ்டர் முயல், கிறிஸ்துமஸ் மரம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறுகளில் மெழுகுவர்த்தி ஏற்றும் அட்வென்ட் வளையம் எல்லாமே கிறித்தவம் வருவதற்கு முன்பிருந்த ஜெர்மானிய மதத்தின் மிச்சம்தான், திருச்சபை பெயரை மட்டும் மாற்றித் தன் கணக்கில் எழுதிக்கொண்டது என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். இது உண்மையா, நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் எழுதியதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. ஒரு வழக்கம் எவ்வளவு பழையது என்பது ஒன்று, அதை யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பது இன்னொன்று. உங்கள் மனதில் உறுத்துவது இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது, ஆனால் முதலாவதைப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

நான் கோட்டிங்கனில் நாட்டார் வழக்காற்றியல் படித்தவன். அப்புறம் பல வருடங்களாக கீழ் சாக்சனியில் சிறு ஊர்களின் ஆவணக் காப்பகங்களில் வேலை. பழைய வரவு செலவுப் புத்தகம், அபராதப் பதிவு, பங்குச் சாமியார் மேலிடத்துக்கு எழுதிய புகார், இவற்றோடுதான் என் பிழைப்பு. அதனால் என் பார்வை கொஞ்சம் காகிதம் பக்கம் சாய்ந்திருக்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள். வடக்கும் நடு ஜெர்மனியும்தான் எனக்குப் பழக்கம். ஆல்ப்ஸ் பக்கத்துக் கொம்பு வைத்த கிராம்பஸ் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்: டிசம்பர் 6 புனித நிக்கோலாஸ் திருநாள், அதற்கு முந்தைய மாலை அவரோடு சங்கிலி கட்டி வரும் பிசாசுதான் கிராம்பஸ். நிக்கோலாஸை எடுத்துவிட்டால் அவனுக்கு வருவதற்கு ஒரு தேதியே கிடையாது.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால், வழிகாட்டி சொன்ன பட்டியலில் ஒன்றைக்கூட அந்தப் பழைய மதம் வரை ஆதாரத்தோடு கொண்டுபோக முடியாது. சிலவற்றில் அப்படி இருந்திருக்கலாம் என்று சொல்ல இடமிருக்கிறது, சிலவற்றில் அதுவும் இல்லை. ‘எல்லாமே பழைய மதத்தின் மிச்சம்’ என்ற இந்தக் கதை இருக்கிறதே, அதற்குத்தான் தெளிவான பிறந்த தேதி உண்டு. அது 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

நீங்கள் பார்த்த இரவிலிருந்தே தொடங்கலாம். வால்புர்கா என்பவர் 8ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து மறைபரப்ப வந்த ஒரு கன்னியாஸ்திரீ. பவேரியாவில் ஹைடன்ஹைம் என்ற ஊரில் இருந்த மடத்துக்குத் தலைவியாக இருந்து, 779ஐ ஒட்டி இறந்தார். சுமார் நூறு ஆண்டு கழித்து அவருடைய எலும்புகளை ஐக்ஷ்டெட் நகரத்துக்கு எடுத்துப் போனார்கள். அதன் நினைவுநாள்தான் மே 1, அதற்கு முந்தைய இரவு வால்புர்கிஸ் இரவு. ஐக்ஷ்டெட்டில் அவர் பெயரில் இருக்கும் மடத்தில் இன்றும் அக்டோபரிலிருந்து பிப்ரவரி கடைசி வரை அவருடைய கல்லறைக்குக் கீழே நீர் துளித்துளியாகக் கசியும். கன்னியாஸ்திரீகள் அதைச் சேகரித்துச் சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்து நோயாளிகளுக்குக் கொடுக்கிறார்கள், ‘வால்புர்கா எண்ணெய்’ என்று பெயர். குளிர்ந்த கல்லில் ஈரம் படிந்து வடியும் நீர் என்பது அறிவியல் விளக்கம், அது எப்படியோ போகட்டும். இந்த அம்மாவுக்கும் சூனியத்துக்கும் துளி சம்பந்தம் இல்லை. அவருடைய நாளும் அந்த இரவும் ஒன்றாக விழுந்தன, அவ்வளவுதான்.

அப்படியானால் துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரிகள் எங்கிருந்து வந்தார்கள்? இங்கேதான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 906ஐ ஒட்டி, ப்ரூம் மடத்தைச் சேர்ந்த ரெகினோ தொகுத்த திருச்சபைச் சட்ட நூலில் ஒரு பத்தி வருகிறது. சில பெண்கள் இரவில் டயானா தேவியோடு மிருகங்கள் மேல் ஏறி வெகுதூரம் போவதாக நம்புகிறார்கள், அது வெறும் மயக்கம், அப்படி உண்மையாக நடக்கிறது என்று நம்புவதுதான் பாவம் என்கிறது அது. அதாவது 10ஆம் நூற்றாண்டுச் சாமியார் நம்மைப் போலவே பேசுகிறார், யாரும் பறக்கவில்லை, கனவு கண்டிருக்கிறீர்கள் என்று. அந்த நிலைப்பாடு 15ஆம் நூற்றாண்டில் மெல்லத் தலைகீழாகிறது. 1486இல் ஹைன்ரிக் கிராமர் எழுதிய ‘சூனியக்காரிகளின் சம்மட்டி’ ஸ்பையர் நகரில் அச்சாகிறது, பறப்பது நிஜம், பிசாசோடு ஒப்பந்தம் நிஜம் என்று அது வாதாடுகிறது. அதற்குப் பிறகு வந்த வழக்குகளில் சித்திரவதைக்கு நடுவே கேட்ட கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தவை: நடனம் எங்கே நடந்தது, அங்கே வேறு யாரையெல்லாம் பார்த்தாய்? கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஹார்ட்ஸ் பக்கத்துப் பெண் என்றால் எல்லோருக்கும் தெரிந்த உயரமான மலையின் பெயரைச் சொல்லியிருப்பாள். ப்ரோக்கன், 1141 மீட்டர், வருடத்தில் முக்கால்வாசி நாளுக்கும் மேல் மூடுபனி. அங்கே பொழுது சாயும் நேரத்தில் பனித்திரையின் மேல் உங்கள் நிழலே ராட்சத உருவமாகத் தெரியும், அதை 1780இல் ஒருவர் அறிவியல் முறையில் விவரித்து எழுதிய பிறகு அந்த நிழலுக்கே மலையின் பெயர் வந்துவிட்டது. கதை ஒட்டிக்கொள்ள இதைவிட வசதியான மலை கிடைக்காது.

மலையில் தீய ஆவிகள் கூடும் என்ற பேச்சு அதற்கு முன்பே இருந்தது உண்மைதான், 14ஆம் நூற்றாண்டு இரவு மந்திரம் ஒன்றில் அந்த மலையின் பெயர் வருகிறது. ஆனால் இன்று நீங்கள் பார்க்கும் முழுக் காட்சியை, அதாவது மே மாதத்துக்கு முந்தைய இரவு, ப்ரோக்கன் உச்சி, பிசாசைச் சுற்றி ஆட்டம் எல்லாவற்றையும் ஒன்று சேர்த்துப் பரப்பியதில் பெரிய பங்கு லைப்சிக்கைச் சேர்ந்த யொஹான்னஸ் பிரிடோரியஸ் என்பவருக்கு. அவர் புத்தகம் 1668இல் வந்தது. கண்ணால் பார்த்து எழுதியதெல்லாம் கிடையாது, அங்கங்கே படித்ததையும் கேட்டதையும் அள்ளிப் போட்டுத் தைத்த தொகுப்பு. 1777 டிசம்பரில் பனியில் ப்ரோக்கன் ஏறிய கவிஞர் கோதே, பின்னால் அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்து 1808இல் வெளியான ‘ஃபவுஸ்ட்’ நாடகத்தில் வால்புர்கிஸ் இரவை ஒரு காட்சியாக வைத்தார். அதோடு விஷயம் உறுதியாகிவிட்டது, ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் படித்த ஒவ்வொருவருக்கும் அந்த இரவு தெரியும். 1896இல் ஹார்ட்ஸ்பர்க் ஊரைச் சேர்ந்த பதிப்பாளர் ஒருவர் ப்ரோக்கன் உச்சியில் முதல் முறையாக ஏற்பாடு செய்த கொண்டாட்டம் நடத்தினார். சில வருடங்களில் மலை உச்சிக்கு ரயிலும் வந்தது. தாலேயில் மேலே அந்த மரக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள், ‘வால்புர்கிஸ் மண்டபம்’, ஏதோ பழங்கால ஜெர்மானியக் கோயில் மாதிரி முகப்பில் ஜெர்மானியரின் தலைமைத் தெய்வமான ஒற்றைக் கண் வோடன் தலையோடு நிற்கும். 1901இல் கட்டியது. பெர்லின் கட்டடக் கலைஞர் ஒருவர் வரைந்தது, உள்ளே ‘ஃபவுஸ்ட்’ காட்சிகளின் ஓவியங்கள். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் ப்ரோக்கன் ராணுவக் கட்டுப்பாட்டில் இருந்தது, 1961 முதல் 1989 டிசம்பர் வரை சாதாரண ஜனம் உச்சிக்குப் போகவே முடியாது. நீங்கள் பார்த்த திருவிழாவின் இன்றைய வடிவம் அதற்குப் பிறகு பெருத்தது.

இதில் எது சந்தேகத்துக்குரியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மே மாதத்துக்கு முந்தைய இரவில் தொழுவக் கதவில் சுண்ணாம்பால் மூன்று சிலுவை போடுவது, மாட்டின் பாலை யாரோ மந்திரத்தால் இழுத்துவிடுவார்கள் என்ற பயம், இளைஞர்கள் அடுத்த வீட்டு வண்டியைக் கழற்றிக் கூரை மேல் ஏற்றிவைக்கும் சேட்டை, இதெல்லாம் கிராமத்தில் நிஜமாகவே நடந்தவை, அபராதப் பதிவேடுகளிலேயே காணலாம். மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டும் காலம் அது, நில வாரமும் குத்தகையும் முடியும் நாள், வேலையாட்கள் எஜமானர் மாறும் நாள். பயமும் கலாட்டாவும் அந்த நாளில் சேர்வதற்குப் பழைய தெய்வம் தேவையில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குள் ஏதோ ஒரு பழைய இழை இருக்கவே முடியாது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களின் வழக்கம் எழுத்தில் வரும்போது பெரும்பாலும் வெகுநாள் கழித்துத்தான் வரும். முதல் பதிவு என்பது வழக்கம் பிறந்த நாள் ஆகாது. அதே சமயம், பதிவே இல்லாத ஆயிரம் வருடத்தை ‘கண்டிப்பாக இருந்திருக்கும்’ என்று நிரப்பவும் கூடாது.

அப்படி நிரப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஹார்ட்ஸிலேயே ஒரு உதாரணம். ஐரோப்பாவில் 90 லட்சம் சூனியக்காரிகளை எரித்தார்கள் என்று எங்காவது படித்திருப்பீர்கள், உங்கள் வழிகாட்டியும் சொல்லியிருந்தால் ஆச்சரியமில்லை. அந்த எண் எங்கே பிறந்தது தெரியுமா? தாலேக்குப் பக்கத்தில் இருக்கும் குவெட்லின்பர்க் ஊரில். 1784இல் கோட்ஃபிரீட் கிறிஸ்டியான் ஃபோய்க்ட் என்ற வழக்கறிஞர், பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் சொன்ன எண்ணிக்கை குறைவு என்று நினைத்து, தன் ஊர் ஆவணங்களில் கிடைத்த சில வழக்குக் கட்டுகளை வைத்து நூறு வருடத்துக்கு இத்தனை என்று கணக்குப் போட்டார். அதை ஐரோப்பாவின் மக்கள் தொகைக்குப் பெருக்கினார், நூற்றாண்டுக்கு 8,58,454 வந்தது. அதைப் பதினோரு நூற்றாண்டால் பெருக்கினார். 94,42,994. கடைசி 4 வரை துல்லியம்! ஒரு ஊரில், மிக மோசமான சில வருடங்களில் நடந்ததை, வழக்கே நடக்காத நூற்றாண்டுகளுக்கும் நாடுகளுக்கும் விரித்த கணக்கு அது. இன்று ஆவணங்களை ஊர் ஊராகப் பார்த்த வரலாற்றாசிரியர்கள் ஐரோப்பா முழுவதற்கும் 40,000 முதல் 60,000 வரை கொல்லப்பட்டதாகச் சொல்கிறார்கள், அதில் பாதியளவு அன்றைய ஜெர்மன் நிலப்பகுதிகளில். அந்த எண்ணே போதுமான கொடூரம்.

அந்த 90 லட்சத்தை நாஜிகளும் விரும்பிப் பிடித்துக்கொண்டார்கள். 1935இல் நாஜிகளின் எஸ்எஸ் படைத் தலைவர் ஹிம்லர் ரகசியமாக ஒரு குழுவை அமைத்தார், ஜெர்மனி முழுக்கக் காப்பகங்களில் சூனிய வழக்குகளைத் தேடி அட்டைகளில் பதிவு செய்ய. எதிர்பார்த்தது என்னவென்றால், திருச்சபை ஒழித்துக்கட்டிய பழைய ஜெர்மானிய மதமும் அதைக் காத்த பெண்களும் அந்தத் தாள்களில் வெளிப்படுவார்கள் என்று. 1944 வரை வேலை நடந்தது, 33,000க்கும் மேற்பட்ட அட்டைகள் சேர்ந்தன, போருக்குப் பிறகு அவை போலந்தில் கிடைத்தன. அட்டைகளில் இருந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டவர்கள், கடன் கேட்டுக் கிடைக்காமல் முணுமுணுத்தவர்கள், பிரசவம் பார்த்த கிழவி, பால் வற்றிய மாட்டுக்குப் பழி சுமந்தவர். ஆண்களும் உண்டு. தேடிய மதம் கிடைக்கவில்லை. இவ்வளவு ஆள், இவ்வளவு பணம், இவ்வளவு ஆசை இருந்தும் கிடைக்கவில்லை என்பதை நான் ஒரு வலுவான சான்றாகவே எடுத்துக்கொள்கிறேன். அதே ஆட்கள் 1934-35இல் எக்ஸ்டர்ன்ஷ்டைன் பாறைகளைச் சுற்றி, அங்கே ஜெர்மானியரின் பெரிய வழிபாட்டுத் தலம் இருந்தது என்று நிரூபிக்கத் தோண்டியதும் இப்படித்தான் முடிந்தது. இன்றும் அந்தப் பாறைகளில் வால்புர்கிஸ் இரவுக்குக் கூட்டம் சேர்கிறது.

சரி, இந்தக் கதையைத் தொடங்கி வைத்தவர்கள் யார்? நீங்கள் கேட்ட கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப். 1835இல், அப்போது அவர் கோட்டிங்கனில் பேராசிரியர், ‘ஜெர்மானியத் தொன்மவியல்’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். சூழ்நிலையைப் பாருங்கள்: ஜெர்மனி என்று ஒரு நாடே அப்போது கிடையாது, சின்னச் சின்ன அரசுகள். கிரேக்கருக்கு ஹோமர் இருக்கிறார், ஐஸ்லாந்துக்காரருக்கு 13ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த தெய்வக் கதைகள் இருக்கின்றன, ஜெர்மானியருக்கு என்ன இருக்கிறது? எழுத்தில் மிகக் கொஞ்சம். அதனால் கிராமத்துப் பாட்டி சொல்லும் கதை, அறுவடைச் சடங்கு, பழமொழி எல்லாவற்றையும் உடைந்த துண்டுகளாகப் பார்த்து, அவற்றை ஐஸ்லாந்துக் கதைகளோடு ஒட்டிப் பழைய மதத்தை மீட்டெடுக்க முயன்றார். மகா அறிவாளி, உழைப்பாளி, நேர்மையானவர். 1837இல் ஹனோவர் மன்னர் அரசியல் சட்டத்தை ரத்து செய்தபோது எதிர்த்துக் கையெழுத்திட்டு, தம்பியோடு சேர்ந்து வேலையை இழந்த ஏழு பேராசிரியர்களில் ஒருவர். சேகரித்த தகவலுக்கு அவரை நம்பலாம். அதன் மேல் கட்டிய ஊகத்துக்கு நம்ப வேண்டியதில்லை. அவர் ஊகமாக எழுதியதைப் பின்னால் வந்தவர்கள் உண்மையாகப் படித்தார்கள் என்பதுதான் பெரிய சிக்கல். அடுத்த தலைமுறையில் வில்ஹெல்ம் மான்ஹார்ட் 1865இல் கேள்வித்தாள் அனுப்பி அறுவடை வழக்கங்களைச் சேகரித்தார். கடைசிக் கதிர்க்கட்டுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர், அதில் பொம்மை செய்வீர்களா என்று கேட்டால் ஊர் வாத்தியார் என்ன எழுதுவார்? ஏதாவது எழுதத்தான் செய்வார்.

முயலின் கதையில் இந்த ஒட்டு வேலை நன்றாகத் தெரியும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 725இல் இங்கிலாந்தில் பீட் என்ற துறவி காலக்கணக்கு பற்றி ஒரு நூல் எழுதினார். ஏப்ரலை ஒட்டிய மாதத்துக்கு எங்கள் முன்னோர் ஈயோஸ்ட்ரே என்ற தேவியின் பெயரை வைத்திருந்தார்கள், அந்த மாதத்தில் அவளுக்கு விழா எடுத்தார்கள் என்று ஓரிரு வரி. அவ்வளவுதான், முயலும் இல்லை, முட்டையும் இல்லை. கிரிம் அதை எடுத்து, இங்கிலாந்தில் இருந்தால் ஜெர்மனியிலும் இருந்திருக்க வேண்டும், பெயர் ஓஸ்டாரா என்று இருந்திருக்கும் என்று ஊகித்தார். 1874இல் இன்னொரு அறிஞர், ஈஸ்டர் முயல் எனக்குப் புரியவில்லை, ஒருவேளை முயல் ஓஸ்டாராவின் மிருகமாக இருந்திருக்கலாம் என்று எழுதினார். இந்த ‘ஒருவேளை’ அடுத்த சில பத்தாண்டுகளில் காணாமல் போய், தேவி ஒரு பறவையை முயலாக மாற்றினாள், அதனால்தான் முயல் முட்டை இடுகிறது என்று முழுக் கதையாக வளர்ந்துவிட்டது. இன்று இணையத்தில் ‘பழங்கால ஐதீகம்’ என்று சுற்றுவது இதுதான். தேவிக்கு முழுக்க ஆதாரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1958இல் கொலோனுக்கு மேற்கே மோர்கன்-ஹார்ஃப் என்ற இடத்தில் ரோமானியர் காலத்துக் கல்வெட்டுகள் 150க்கும் மேல் கிடைத்தன, ‘ஆஸ்ட்ரியாஹெனே’ என்ற தாய்த் தெய்வங்களுக்குக் காணிக்கையாக வைத்தவை. பெயர் ஒற்றுமை கவனிக்க வேண்டியது, பீட் கையிலிருந்து போட்டு எழுதினார் என்று முன்பு ஏளனம் செய்தவர்கள் அதற்குப் பிறகு கொஞ்சம் அடங்கினார்கள். ஆனால் அந்தத் தெய்வங்களுக்கும் முயலுக்கும் முடிச்சுப் போட ஒரு கல்லும் உதவாது.

முயல் எழுத்தில் முதலில் தெரிவது 1682இல், ஹைடல்பர்க் மருத்துவப் பேராசிரியர் கியோர்க் ஃபிராங்க் ஈஸ்டர் முட்டைகள் பற்றி லத்தீனில் வெளியிட்ட ஒரு சிறு நூலில். இன்று பிரான்சில் இருக்கும் அல்சாஸிலும் பக்கத்துப் பகுதிகளிலும் முயல் முட்டையிட்டுத் தோட்டத்துப் புல்லிலும் புதரிலும் ஒளித்துவைக்கும் என்று வெகுளிகளிடமும் பிள்ளைகளிடமும் சொல்வார்கள், பிள்ளைகள் ஓடித் தேடுவதைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிப்பார்கள் என்கிறார். டாக்டருக்கு உண்மையான கவலை வேறு: அவித்த முட்டையை அளவில்லாமல் தின்றுவிட்டு ஜனங்கள் வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்பது. அந்த முட்டைகள் ஏன் அவ்வளவு குவிந்தன என்பதற்கு விளக்கம் எளிது. தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் விலக்கு. கோழிக்கு நோன்பு தெரியுமா, வசந்தத்தில்தான் அது அதிகமாக இடும். நாற்பது நாள் முட்டையை அவித்து வைத்தார்கள், நிலக்கிழாருக்கு நில வாரமாக அளந்தார்கள், ஈஸ்டர் அன்று கோயிலில் மந்திரித்து வீட்டுக்குக் கொண்டுவந்து தின்றார்கள். முட்டை பற்றிய இந்தப் பகுதி உறுதியானது, இடைக்காலத்துக்குப் போகிறது. முட்டையைக் கொண்டுவருவது யார் என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு. வெஸ்ட்பாலியாவில் நரி, தூரிங்கியாவில் நாரை, சுவிட்சர்லாந்தில் குயில், சில இடங்களில் சேவல். 1930களில் சுமார் 20,000 ஊர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பித் தயாரித்த ஜெர்மன் நாட்டார் வழக்காற்று வரைபடத் திட்டத்தின்போதுகூட இந்த வேறுபாடு இருந்தது. அப்போதே முயல் மற்றவற்றை விரட்டிக்கொண்டிருந்தது. படப் புத்தகமும் மிட்டாய்க் கடையும் முயல் கட்சி, நரி என்ன செய்யும்.

கிறிஸ்துமஸ் மரத்தை வேகமாகக் கடந்துவிடலாம். அல்சாஸில் ஷ்லெட்ஸ்டாட் நகரத்தின் 1521ஆம் ஆண்டுக் கணக்கில் டிசம்பர் 21 முதல் மரங்களை யாரும் வெட்டாமல் காக்க வனக் காவலருக்கு 4 ஷில்லிங் கூலி என்று ஒரு வரி. 1605இல் ஸ்ட்ராஸ்பர்க் பயணக் குறிப்பு ஒன்று, கூடத்தில் மரம் வைத்து அதில் காகித ரோஜா, ஆப்பிள், அப்பம், சர்க்கரை தொங்கவிடுகிறார்கள் என்கிறது. இன்னும் சில பத்தாண்டுகளில் அதே நகரத்து இறையியலாளர் டான்ஹவர், இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை என்று சலித்துக்கொள்கிறார். அவருக்கே தெரியவில்லை என்றால் நாம் கொஞ்சம் அடக்கமாக இருக்கலாம். டிசம்பர் 24 ஆதாம் ஏவாள் நாள், அன்று நடந்த நாடகத்தில் ஆப்பிள் தொங்கும் மரம் வந்தது, அதிலிருந்து இது கிளைத்தது என்பது பலர் ஏற்கும் விளக்கம். எனக்கும் பொருத்தமாகவே படுகிறது, ஆனால் சங்கிலியில் விட்டுப்போன கண்ணிகள் உண்டு. அட்வென்ட் வளையத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை: 1839இல் ஹாம்பர்க்கில் யொஹான் ஹின்ரிக் விஹெர்ன் என்ற பாதிரியார், தான் நடத்திய இல்லத்தில் ஏழைப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் எப்போ எப்போ என்று நச்சரித்ததால், ஒரு வண்டிச் சக்கரத்தின் மேல் வாரநாளுக்கு ஒன்றாக 20 சிறு சிவப்பு மெழுகுவர்த்தி, ஞாயிறுக்கு ஒன்றாக 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி ஏற்றினார். கத்தோலிக்கப் பகுதிகளுக்கு அது 1920களில்தான் போய்ச் சேர்ந்தது. அதையும் ஜெர்மானியச் சூரியச் சக்கரம் என்று விளக்கியவர்கள் உண்டு, வண்டிச் சக்கரத்தைக் கண்ணால் பார்த்த ஆட்கள் உயிரோடு இருந்த காலத்துக்குக் கொஞ்சம் பின்னாலேயே.

திருச்சபை எதையும் எடுத்துக்கொள்ளவே இல்லையா என்றால், எடுத்துக்கொண்டது. 601இல் போப் கிரகோரி இங்கிலாந்துக்கு அனுப்பிய கடிதத்தில், கோயில்களை இடிக்காதீர்கள், சிலைகளை மட்டும் எடுத்துவிட்டுத் தீர்த்தம் தெளித்துப் பயன்படுத்துங்கள், மாடு பலியிட்டுத் தின்பவர்கள் இனிப் புனிதர் திருநாளில் விருந்தாகத் தின்னட்டும் என்று எழுதியிருக்கிறார். அதே வேலையை ஜெர்மன் மண்ணில் செய்த போனிஃபேஸ் நேர்மாறு, 723ஐ ஒட்டி கைஸ்மாரில் டோனார் தெய்வத்தின் ஓக் மரத்தை வெட்டிச் சாய்த்து அந்த மரத்திலேயே பிரார்த்தனைக்கூடம் கட்டினார். வெட்டிய இடத்தில் குட்டிப் பைன் மரம் முளைத்தது, அதுதான் முதல் கிறிஸ்துமஸ் மரம் என்று சொல்வார்கள், அவருடைய பழைய வாழ்க்கை வரலாற்றில் அது கிடையாது. ஆக, கையகப்படுத்தியதும் நடந்தது, அழித்ததும் நடந்தது. ஆனால் உங்கள் வழிகாட்டி சொன்ன நான்கும் அந்தக் காலத்துக்குப் பல நூற்றாண்டு கழித்து, முழுக்கக் கிறித்தவராக இருந்த மக்கள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டவை என்றுதான் கிடைக்கும் தாள்கள் காட்டுகின்றன. பறிகொடுத்தவரும் பறித்தவரும் ஒரே ஊர்க்காரர்கள் என்றால் இதில் திருட்டு எங்கே இருக்கிறது?

பழைய மதத்தின் நிஜமான குரலைக் கேட்க ஆசை என்றால் ஹார்ட்ஸிலிருந்து தென்கிழக்கே மெர்சபர்க் வரை போய் வாருங்கள். அங்கே கதீட்ரல் நூலகத்தில் 1841இல் கியோர்க் வைட்ஸ் ஒரு பழைய ஜெபப் புத்தகத்தைப் புரட்டியபோது, அதன் காலித் தாளில் 10ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தில் இரண்டு மந்திரங்கள் கிடைத்தன, அடுத்த வருடமே கிரிம் வெளியிட்டார். ஒன்றில் காட்டுக்குள் போகும் தெய்வங்களில் ஒருவருடைய குதிரைக்குக் கால் சுளுக்கிக்கொள்கிறது. தேவிகள் மந்திரம் சொல்லிப் பார்க்கிறார்கள், பிறகு வோடன் சொல்கிறார்: எலும்போடு எலும்பு, இரத்தத்தோடு இரத்தம், உறுப்போடு உறுப்பு, ஒட்டிவைத்தது போலச் சேரட்டும். ஜெர்மன் மொழியில் அந்தத் தெய்வங்கள் கதையாக வரும் இடங்கள் மிக அரிது, அதையும் எழுதிக் காப்பாற்றியது ஏதோ ஒரு மடத்துச் சாமியார். அதர்வ வேதத்தின் நான்காம் காண்டத்தில் எலும்பு முறிவுக்கான மந்திரத்திலும் மஜ்ஜையோடு மஜ்ஜை, தோலோடு தோல், மாமிசத்தோடு மாமிசம் சேரட்டும் என்று இதே அடுக்கு வருவதை 1860களிலேயே அடால்பர்ட் கூன் சுட்டிக்காட்டினார். பொது மூதாதை மொழிக் காலத்துச் சொத்து என்று ஒரு கட்சி, உடைந்த எலும்பைச் சேர்க்க எந்த ஊரில் மந்திரம் சொன்னாலும் இப்படித்தான் சொல்வார்கள் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்வேன், ஆனால் முதல் கட்சியில் என்னைவிடப் படித்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். மெர்சபர்க்கில் பார்வைக்கு இருப்பது நகல்தான், அதற்குத் தயாராகப் போங்கள்.